வேட்டைக்கு போறது ஈஸி, திரும்பி வர்ற டெஸ்ட் தான் இடிக்கும்

(இது 2022 பிப்ரவரில எழுதினது. இதுல வர்ற கோவிட் டெஸ்ட், ஊசி விதிங்க எல்லாம் அப்போ இருந்தது, இப்போ அமல்ல இல்ல. "இப்போ", "போன வருஷம்"னு சொல்றதெல்லாம் அந்த நேரத்து கணக்கு.)

ஹூஸ்டன்ல இருந்து ஒரு தம்பி எழுதிருக்கார். லெட்டர் பெருசு, சுருக்கமா சொல்றேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற டெக்ஸாஸ்காரர் ரெண்டு பேரோட சேந்து சவுத் ஆஃப்ரிக்காவுக்கு வேட்டைக்கு போறாராம். இம்பாலா மான், வார்ட்ஹாக்ங்கற காட்டுப்பன்னி, கிடைச்சா ஒரு குடு மான். கேம்ப் லிம்போப்போ மாகாணத்துல ஆல்டேஸ் பக்கம். மார்ச் 11 வெள்ளிக்கிழமை ஹூஸ்டன்ல இருந்து அட்லாண்டா, அங்கிருந்து ராத்திரி ஃப்ளைட்ல நேரா ஜோகன்னஸ்பர்க். மார்ச் 20 ஞாயிறு சாயங்காலம் ரிட்டர்ன். அவர் அமெரிக்க சிட்டிசன், கோவிட் ஊசி ரெண்டு டோஸும் பூஸ்டரும் போட்டாச்சு. ஜனவரி 14ம் தேதி வீட்ல கிட் வச்சு டெஸ்ட் பண்ணதுல பாசிட்டிவ், நாலு நாள் தொண்டை வலி, அப்புறம் சரியாயிடுச்சு. கூட மச்சானும் வர்றேங்கிறார், அவர் ஹெச்-1பிங்கற வேலை விசால இருக்கார், இந்தியன் பாஸ்போர்ட்.

கேள்வி இதுதான்: "டாக்டரம்மா, எந்த டெஸ்ட், எப்போ எடுக்கணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பூஸ்டர் போட்டவனுக்கும் டெஸ்ட் வேணுமா? காட்டுக்குள்ள இருந்துட்டு திரும்பி வர்றப்போ டெஸ்டுக்கு எங்க போறது?"

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வேட்டை எனக்கு பிடிச்ச விஷயம் கிடையாது, ஆனா ட்ராவல் கிளினிக் நடத்துறவ, யார் எதுக்கு போறாங்கன்னு பாத்து மருந்து எழுதறதில்ல. துப்பாக்கி பேப்பர் சமாச்சாரம் என் ஏரியா இல்ல, அதை உங்க அவுட்ஃபிட்டர்கிட்டயே, அதான் வேட்டையை ஏற்பாடு பண்றவர்கிட்டயே கேளுங்க. டெஸ்ட் பத்தி மட்டும் சொல்றேன், எல்லாம் இந்த 2022 பிப்ரவரி நிலவரம். இந்த விதிங்க எப்போ வேணா மாறும், அதனால கிளம்பறதுக்கு முந்தின வாரம் ஏர்லைன் சைட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.

பூஸ்டர் போட்டவங்களுக்கும் ரெண்டு பக்கமும் டெஸ்ட் உண்டு. போறதுக்கு ஒரு விதி, வர்றதுக்கு வேற விதி. குழப்பமே ரெண்டையும் ஒண்ணா போட்டு பேசறதுல தான் வருது. உங்க ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தர் 72 மணி நேரம்ங்கிறார், இன்னொருத்தர் ஒரு நாள்ங்கிறார்னு எழுதிருக்கீங்க, ரெண்டு பேரும் சரி தான், ஒருத்தர் போறதை சொல்றார், இன்னொருத்தர் வர்றதை சொல்றார்.

போறப்போ சவுத் ஆஃப்ரிக்கா கேக்குறது பிசிஆர், அதாவது லேப்ல வைரஸோட மரபணுவை தேடற டெஸ்ட், நெகட்டிவ், கிளம்புற நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள எடுத்தது. இந்த 72 மணி நேரத்தை ரிசல்ட் கைக்கு வந்த நேரத்துல இருந்து எண்ணாதீங்க, மூக்குல குச்சி விட்ட நேரத்துல இருந்து எண்ணுங்க. உங்க ஃப்ளைட் அட்லாண்டால வெள்ளி ராத்திரி, அப்போ செவ்வாய் ராத்திரிக்கு அப்புறம் எடுத்தது தான் செல்லும். நான் சொல்றது புதன் காலைல, அதாவது 9ம் தேதி காலைல எடுங்க. செவ்வாயே எடுத்தா ஃப்ளைட் நாலு மணி நேரம் லேட்டானாலே போச்சு, வியாழன் எடுத்தா ரிசல்ட் வராம கையை பிசைஞ்சிட்டு நிக்கணும், லேப்காரங்க 24 மணி நேரம்னு சொல்லுவாங்க, 48 ஆகறதும் உண்டு. புதன் எடுத்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் இருக்கு.

இங்க இன்னொரு பொறி இருக்கு, என் கிளினிக்குக்கு வர்ற படிச்சவங்களே இதுல மாட்றாங்க. மருந்து கடைல "ராபிட் மாலிக்யூலர்"னு ஒண்ணு குடுப்பாங்க, ஐடி நவ் மெஷின்ல பண்றது, பதினஞ்சு நிமிஷத்துல ரிசல்ட். அது நல்ல டெஸ்ட் தான், குறை சொல்லல, ஆனா அது பிசிஆர் கிடையாது. ரிப்போர்ட்ல ஆர்டி-பிசிஆர்னு அச்சுல இருக்கணும், செக்-இன் கவுன்டர்ல நிக்கற பொண்ணுகிட்ட மாலிக்யூலர் பயாலஜி பாடம் எடுக்க முடியாது. அதே மாதிரி டெஸ்ட் பண்ணின மெடிக்கல் ப்ராக்டிஷனரோட பேரும் கையெழுத்தும் வேணும்னு சவுத் ஆஃப்ரிக்கா விதியில இருக்கு, ஆனா இங்க பல லேப் ரிப்போர்ட்ல கையெழுத்தே வராது. அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "இன்டர்நேஷனல் ட்ராவலுக்கு, கையெழுத்தோட ரிப்போர்ட் வேணும்"னு கேட்டுக்கோங்க. பேர் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும், நம்மாளுங்களுக்கு இனிஷியலும் அப்பா பேரும் எங்க போய் உக்காரும்னே தெரியாது, அதை குறிப்பா பாருங்க. ப்ரின்ட் எடுத்துக்கோங்க, போனை மட்டும் நம்பாதீங்க.

டெஸ்ட் இல்லாம போய் இறங்கினா ஏர்போர்ட்லயே உங்க செலவுல ஆன்டிஜென், அதாவது சீக்கிரம் ரிசல்ட் வர்ற டெஸ்ட், எடுப்பாங்கன்னு ஒரு விதி இருக்கு, அதை யாரோ சொல்லி நீங்களும் கேட்ருக்கீங்க. அதெல்லாம் நம்பி கிளம்பாதீங்க, பேப்பர் இல்லேன்னா ஏர்லைன் உங்களை ஏத்தவே ஏத்தாது.

இப்போ உங்க ஜனவரி கதைக்கு வருவோம், உங்க லெட்டர்ல நீங்க போகிற போக்குல ஒரு வரில சொல்லிட்டு போன விஷயம், எனக்கு அதுதான் பெரிய விஷயம். கோவிட் வந்து போனதுக்கு அப்புறம் சில பேருக்கு மூணு மாசம் வரைக்கும் கூட பிசிஆர் பாசிட்டிவ்னே காட்டும். உயிரோட இருக்கற வைரஸ் இல்ல, செத்த வைரஸோட துண்டு துணுக்கு, அதையும் அந்த மெஷின் பிடிச்சிடும், அவ்ளோ நுணுக்கம். உங்களால யாருக்கும் பரவாது, உடம்புக்கும் ஒண்ணும் இல்ல, ஆனா பேப்பர்ல பாசிட்டிவ். மார்ச் 9ம் தேதின்னா உங்களுக்கு எட்டு வாரம் ஆகிருக்கும். பெரும்பாலானவங்களுக்கு அதுக்குள்ள நெகட்டிவ் ஆயிடும், ஆனா நீங்க அந்த பெரும்பாலானவங்கள்ல ஒருத்தரான்னு புதன்கிழமை காலைல தான் தெரிஞ்சுக்கணும்னு என்ன இருக்கு. இந்த வாரமே ஒரு பிசிஆர் எடுத்து பாத்துடுங்க.

நெகட்டிவ் வந்தா நிம்மதி, புதுசா தொத்திக்காம இருந்தா மார்ச்லயும் பெரும்பாலும் நெகட்டிவ் தான் வரும். பாசிட்டிவ் வந்தா பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு எடுங்க, அவுட்ஃபிட்டர்கிட்டயும் இப்பவே பேசுங்க, தேதி தள்ளி வைக்க முடியுமா, டெபாசிட் என்னாகும்னு. கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது கேட்டா யாரும் இறங்கி வர மாட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அமெரிக்கா திரும்பி வர்றப்போ டெஸ்டுக்கு பதிலா "கோவிட் வந்து குணமாயிட்டேன்"ங்கற பேப்பரும் செல்லும். கிளம்பறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள எடுத்த ஒரு பாசிட்டிவ் ரிப்போர்ட், கூட "இவர் ட்ராவல் பண்ணலாம்"னு லைசென்ஸ் உள்ள டாக்டரோட லெட்டர், ரெண்டும் சேந்து. மார்ச் 20க்கு உங்க ஜனவரி 14 அந்த 90 நாளுக்குள்ள தான் வருது. ஆனா நீங்க பண்ணது வீட்டு கிட், யாரும் பாக்காம பாத்ரூம்ல நின்னு பண்ணது, அதுக்கு ரிப்போர்ட் ஏது? போட்டோ எடுத்து வச்சிருக்கேன்னு எழுதிருக்கீங்க, அது செல்லாது. அதனால இந்த வாரம் எடுக்கற பிசிஆர் பாசிட்டிவ்னு வந்துச்சுன்னா ஒரு விதத்துல அதுவே உங்களுக்கு லேப் பேப்பர், அடுத்தது நெகட்டிவ் ஆகி நீங்க கிளம்பிட்டீங்கன்னா திரும்பி வர அந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டும் டாக்டர் லெட்டரும் போதும், டெஸ்ட் தொல்லையே இல்ல. நெகட்டிவ்னு வந்தா இந்த வழி உங்களுக்கு கிடையாது, எல்லாரை மாதிரியும் டெஸ்ட் எடுத்து தான் வரணும். பாசிட்டிவ் ஆகணும்னு வேண்டிக்காதீங்க, போறதுக்கு அது இடைஞ்சல். சவுத் ஆஃப்ரிக்கா போறதுக்கு இந்த குணமான லெட்டரை நம்பாதீங்க, அங்க கேக்குறது நெகட்டிவ் பிசிஆர்.

சரி, திரும்பி வர்றது. போன வருஷம் ஜனவரி 26ல இருந்து அமெரிக்கா வர்ற எல்லாரும், சிட்டிசன் உட்பட, கிளம்பறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள எடுத்த நெகட்டிவ் காட்டணும்னு இருந்துச்சு. ஒமிக்ரான் வந்ததும் டிசம்பர் 6ல இருந்து அதை ஒரு நாள் ஆக்கிட்டாங்க. மூணு நாள் இருந்த வரைக்கும் வேட்டைக்காரங்களுக்கு பெரிய கஷ்டம் இல்ல, நடுவுல ஒரு நாள் டவுனுக்கு போய் குடுத்துட்டு வந்துடுவாங்க. இப்போ அது முடியாது.

ஆனா ஒரு நாள்னா 24 மணி நேரம் இல்ல, அதை புரிஞ்சுக்கோங்க. காலண்டர் நாள். உங்க ஃப்ளைட் ஞாயிறு சாயங்காலம்னா சனிக்கிழமை விடியக்காலை எடுத்தாலும் செல்லும், நேரம் பாக்க மாட்டாங்க. அதோட இந்த பக்கம் ஆன்டிஜெனே போதும், பிசிஆர் தேவையில்ல. உங்களை மாதிரி சமீபத்துல வந்து போனவங்க வர்றப்போ ஆன்டிஜென் தான் எடுக்கணும், தப்பித்தவறி கூட பிசிஆர் எடுத்துடாதீங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

எங்க எடுக்கறது? ஆல்டேஸ்ங்கறது போட்ஸ்வானா, ஜிம்பாப்வே எல்லைக்கு பக்கத்துல இருக்கற சின்ன ஊரு. பெரிய லேப் வேணும்னா பொலோக்வானே வரணும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டணும், அதுவும் சனிக்கிழமை மதியத்துக்கு மேல தொறந்திருக்கும்னு நம்ப முடியாது. ஜோகன்னஸ்பர்க் அஞ்சு மணி நேரம். உங்களுக்கு மூணு வழி இருக்கு. அவுட்ஃபிட்டர் ஒரு நர்ஸை கேம்புக்கே வரவழைக்கறது ஒண்ணு, ரெண்டு வருஷமா இதே பொழப்பா போனதால பல பேர் ஏற்பாடு பண்ணியே வச்சிருக்காங்க, கேட்டு பாருங்க, ஆனா ரிப்போர்ட்ல லேப் பேரு, டெஸ்ட் வகை, எடுத்த தேதி, உங்க பேரு, பிறந்த தேதியோ பாஸ்போர்ட் நம்பரோ இதெல்லாம் இருக்குமான்னு முன்னாடியே ஒரு மாதிரி ரிப்போர்ட் அனுப்ப சொல்லுங்க. இன்னொண்ணு, சனிக்கிழமை காலைலயே கேம்பை காலி பண்ணிட்டு ஜோகன்னஸ்பர்க் வந்து ஏர்போர்ட் பக்கம் ரூம் போட்டு ஞாயிறு காலைல அந்த ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்லயே எடுக்கறது. கடைசி நாள் வேட்டை போயிடும், அதான் உங்க ஃப்ரெண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா எனக்கு பிடிச்சது இதுதான்.

மூணாவது, இங்கிருந்தே கிட் வாங்கிட்டு போறது. எல்லா கிட்டும் இல்ல, வீடியோல ஒரு ஆள் பாத்துட்டே இருந்து, நீங்க மூக்குல விடறதுல இருந்து கோடு வர்ற வரைக்கும் கேமரா முன்னாடி நடத்தி, கடைசில ரிப்போர்ட் குடுக்கற கிட். பைனாக்ஸ்நவ்ங்கற ஆன்டிஜென் கிட்ல அந்த மாதிரி டெலிஹெல்த்தோட சேந்த பெட்டி தனியா இருக்கு, மருந்து கடைல விக்கற சாதா பெட்டி இல்ல, பாத்து வாங்குங்க. அமெரிக்காவோட நோய் தடுப்பு அமைப்பு சிடிசி இதை ஒத்துக்குது. காட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு இது ரொம்ப வசதி, ஆனா இதுக்கு நெட் வேணும், அரை மணி நேரம் அறுந்து போகாத நெட். சவுத் ஆஃப்ரிக்கால இப்போ லோட்ஷெட்டிங், எப்போ கரன்ட் போகும்னு அட்டவணை போட்டே நிறுத்துறாங்க, கரன்ட் போனா கேம்ப் வைஃபையும் போகும், அதனால அன்னிக்கு அட்டவணை பாத்து நேரம் குறிங்க, உள்ளூர் சிம் ஒண்ணும் வாங்கி வச்சுக்கோங்க. அப்புறம் அந்த கிட் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல போகக்கூடாது. மார்ச்ல லிம்போப்போ வெயில் நம்மூர் வெயில் மாதிரி தான், அங்க பக்கின்னு சொல்ற பிக்கப் வண்டி டேஷ்போர்டுல நாள் பூரா கிடந்த கிட்டை நம்பி ஃப்ளைட் ஏற முடியாது. ரூம்ல நிழல்ல வைங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா அரை மணி வெளிய வச்சுட்டு பண்ணுங்க. ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க, ஒண்ணு சொதப்பும்.

பாசிட்டிவ் வந்தா? இதை யாரும் யோசிக்கறதே இல்ல. என் பேஷன்ட் ஒருத்தர் போன வருஷம் நமீபியால கடைசி நாள் டெஸ்ட்ல மாட்டிட்டார், தும்மல் கூட இல்ல அவருக்கு, கூட போனவங்க எல்லாம் ஏறிட்டாங்க, இவர் விண்ட்ஹூக்ல தனியா ரூம் எடுத்து உக்காந்தார். பிரஷர் மாத்திரை எண்ணி பத்து நாளைக்கு கொண்டு போயிருந்தார், அதுவும் தீந்து போய் எனக்கு போன் வருது. நீங்க தினசரி சாப்பிடற மருந்து எதுவா இருந்தாலும் மூணு வார கணக்குல எடுத்துட்டு போங்க. சவுத் ஆஃப்ரிக்கால இந்த மாசத்துல இருந்து அறிகுறி இல்லாத பாசிட்டிவுக்கு ஐசொலேஷனே வேண்டாம்னுட்டாங்க, அறிகுறி இருந்தா 7 நாள். ஆனா அவங்க விட்டாலும் அமெரிக்க ஃப்ளைட் உங்களை ஏத்தாது. குணமாகி, அங்கத்த டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி, அந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டோட தான் வரணும், பத்து நாள் கூட ஆகலாம்னு வச்சுக்கோங்க. அந்த செலவை ஏத்துக்கற ட்ராவல் இன்சூரன்ஸா பாத்து எடுங்க, பாலிசில குவாரன்டைன்னு வார்த்தை இருக்கான்னு தேடுங்க. சொந்த துப்பாக்கி கொண்டு போறீங்கன்னா அந்த டெம்பரரி பெர்மிட்டோட தேதி தாண்டிட்டா என்ன பண்றதுன்னும் அவுட்ஃபிட்டர்கிட்ட கேட்டு வைங்க.

"தேதியை மாத்தி எடிட் பண்ணிடலாம்"னு உங்க ஃப்ரெண்ட் விளையாட்டா சொன்னதா எழுதிருக்கீங்க. விளையாட்டாவே இருக்கட்டும். ஏறும்போது ஒரு உறுதிமொழி ஃபார்ம்ல கையெழுத்து வாங்கறாங்க, அதுல பொய் சொன்னா ஃபெடரல் குத்தம். அதை விடுங்க, மிருகத்தோட தடம் பாக்கற ட்ராக்கரும், தோல் உரிக்கறவங்களும், சமைக்கறவங்களும் பக்கத்து கிராமத்துல இருந்து வர்றவங்க, அந்த நாட்டுல பாதி பேருக்கு மேல இன்னும் முழுசா ஊசி போடல. உங்களுக்கு ரெண்டு நாள் தொண்டை வலி, அவங்க வீட்ல இருக்கற கிழவிக்கு அது வேற மாதிரி ஆகும். அங்க போய் இருமல் வந்தா அன்னிக்கே கிட் போட்டு பாருங்க, கடைசி நாள் வரைக்கும் மூடி வைக்காதீங்க.

இன்னொண்ணு நீங்க கேக்கவே இல்ல, நானா சொல்றேன். ஆல்டேஸ் பக்கம் மலேரியா உண்டு, லிம்போப்போ ஆத்தோரம் செப்டம்பர்ல இருந்து மே வரைக்கும் சீசன், நீங்க போறது மழை முடியற நேரம். இப்போ ஜுரம் வந்தாலே எல்லாரும் கோவிட்னு நினைச்சு கிட்டை எடுக்கறாங்க, நெகட்டிவ் வந்ததும் ஃப்ளூன்னு படுத்துக்கறாங்க, அதுக்குள்ள மலேரியா தலைக்கு ஏறிடுது. கடிச்சு ஒரு வாரத்துக்கு அப்புறம் தான் ஜுரம் வரும், அதனால பெரும்பாலும் ஊருக்கு திரும்பினதுக்கு அப்புறம் ஹூஸ்டன்ல தான் வரும். அடுத்த மூணு மாசத்துல ஜுரம் வந்தா, கோவிட் டெஸ்ட் என்ன சொன்னாலும் சரி, அன்னிக்கே எமர்ஜென்சி போய் "ஆஃப்ரிக்கா போய்ட்டு வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்க"ன்னு வாய் விட்டு சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. மலேரியா வராம தடுக்கற மாத்திரை மலரோன் எழுதி தரச் சொல்லுங்க, கிளம்பற அன்னிக்கு ஆரம்பிச்சு, கேம்பை விட்டு வந்து 7 நாள் வரைக்கும் தினமும் சாப்பாட்டோட. அதுக்கு பதிலா குடுக்கற டாக்ஸிசைக்ளின் விலை கம்மி தான், ஆனா வெயில்ல நின்னா தோல் கருகும், வந்து நாலு வாரம் சாப்பிடணும், யாரும் ஒழுங்கா முடிக்கறதில்ல.

கடைசியா உங்க மச்சான். அவர் விஷயத்துல டெஸ்ட் சின்ன பிரச்சினை. உங்களுக்கு சவுத் ஆஃப்ரிக்கா விசா வேண்டாம், இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு வேணும், இனிமே அப்ளை பண்ணி மார்ச் 11க்குள்ள வாங்கறது ரொம்ப இறுக்கம். திரும்பி வர பாஸ்போர்ட்ல ஹெச்-1பி ஸ்டாம்ப் செல்லுபடியா இருக்கணும், பல பேருக்கு அப்ரூவல் பேப்பர் இருக்கும், ஸ்டாம்ப் காலாவதி ஆகிருக்கும், உள்ளயே இருக்கறதால தெரியாது. ரெண்டு டோஸ் சர்டிஃபிகேட்டும் வேணும், நவம்பர் 8ல இருந்து சிட்டிசன் இல்லாத விசாக்காரங்களுக்கு அது கட்டாயம். கோவிஷீல்டு, கோவாக்சின் ரெண்டும் செல்லும்.

எல்லாத்துக்கும் மேல, போன நவம்பர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? 24ம் தேதி சவுத் ஆஃப்ரிக்கா புது வகை வைரஸ் பத்தி உலக சுகாதார நிறுவனத்துக்கு சொல்லுச்சு, 26ம் தேதி ஒமிக்ரான்னு பேர் வச்சாங்க, 29ம் தேதியே சவுத் ஆஃப்ரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வேன்னு எட்டு நாட்டுல இருந்து வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு அமெரிக்கா கதவை சாத்திடுச்சு. சிட்டிசனும் கிரீன் கார்டும் டெஸ்ட் காட்டி வந்துட்டாங்க, ஹெச்-1பிக்காரங்க வர முடியல. டிசம்பர் 31 அன்னிக்கு தான் நீக்கினாங்க. அஞ்சு நாள்ல எல்லாம் நடந்துச்சு, உங்க வேட்டை ஒரு வாரம். மறுபடி நடக்கும்னு சொல்லல, நடந்தா உங்களுக்கு ஒரு டெஸ்ட், அவருக்கு வேலையும் குடும்பமும் இந்த பக்கம், அவர் அந்த பக்கம். இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணட்டும், என்னை கேட்டா இந்த தடவை அவரை விட்டுட்டு போங்க, கோச்சுக்குவார், ஊர்ல இருந்து வந்த அத்தை மாமாகிட்ட வேற சொல்லுவார், சமாளிங்க.

இந்த வார பிசிஆர் ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க, பாசிட்டிவ்னா அந்த லெட்டர்ல என்னென்ன வரி இருக்கணும்னு எழுதி தர்றேன், உங்க குடும்ப டாக்டர்கிட்ட குடுத்து கையெழுத்து வாங்கிக்கலாம்.